இல்லாத நோவு

அத்தியாயம் 19

கதவைத் திறந்தவுடன் மீன் பை வந்து புஷ்பவல்லியின் நெற்றியில் இடித்தது.

நிலைக்கு மேலே, மாவிலைத் தோரணம் கட்டுகிற ஆணியில், யாரோ ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தாள். நாலைந்து சங்கரா, ஒரு கைப்பிடி காரப்பொடி. ஐஸ் படாத மீன். இன்றைக்கு விடியற்காலையில் வலையில் விழுந்தது.

பையின் வாயை முடிந்துவிட்டுத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

மீனைப் பார்த்து ஒரு மீனவன் பெண்டாட்டி பயப்படுவாளா என்றால், அந்தக் குப்பத்தில் பயப்படத்தான் செய்வாள். கடலுக்குப் போய் வந்த போட்டில், ஏலத்துக்கு முன்னால், ஆளுக்குக் கொஞ்சம் குழம்புக்கு எடுத்துக்கொள்வார்கள். கறி மீன் என்று அதற்குப் பெயர். போனவன் தன் கையாலேயே எடுத்து, தன் துண்டிலேயே முடிந்துகொண்டு வீட்டுக்கு வருவான். போகாதவன் வீட்டுக்கும் கறி மீன் போவதுண்டு. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் வீட்டுக்குப் போகும். கை கால் விழுந்த கிழவன் வீட்டுக்குப் போகும். இவன் இனிமேல் போட்டில் ஏறமாட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்ட வீடு எதுவோ, அங்கே போகும்.

அவள் புருஷன் லோகநாதனுக்கு முப்பது தாண்டி ரெண்டு வருஷம்தான் ஆகிறது. கையும் காலும் நன்றாகவே இருந்தன.

"யாரு மே?" உள்ளேயிருந்து அவன் குரல்.

"யாருமில்ல. பூனை."

பொய் சொல்லிவிட்டுப் பையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மீன் வாசனையை முந்தானைக்குள் எப்படி ஒளிப்பது?

லோகு அன்றைக்கு விடிவதற்கு முன்பே தூக்குச் சட்டியோடு முகத்துவாரத்துக்குப் போனவன். போன வேகத்தில் திரும்பி வந்தான். போட்டு அவனை விட்டுவிட்டுப் போயிருந்தது. அதன் விளக்கு மட்டும் தூரத்தில் தெரிந்தது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான்.

ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குப்பத்துக்கே தெரியும். பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்குக் கொடுக்கிற கூட்டு மாத்திரை வாங்குகிற வரிசையில் லோகு நின்றதை, காய்ச்சலுக்கு வந்திருந்த பக்கத்துக் குப்பத்துக்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள். மூன்று வருஷமாக டி.பி. என்ற ஒரு சொல்லுக்குள் மூட்டை கட்டி வைத்திருந்தது ஒரே பகலில் அவிழ்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மங்களூர்ப் பக்கம் விசைப்படகில் கூலிக்குப் போயிருந்த காலத்தில் தொற்றியது. எலும்பும் தோலுமாகக் கிடந்து, மாத்திரையால் எழுந்து, பழையபடி வலை இழுக்கிற உடம்பானவன். அந்த உடம்பைத்தான் இப்போது யாரும் நம்பவில்லை.

லோகு எழுந்து வந்தான். பையைப் பார்த்தான்.

"யாரு குட்த்தா?"

புஷ்பவல்லி வாயைத் திறப்பதற்குள், பின்கட்டில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த மாமியார் பவுனம்மாள் பதில் சொன்னாள்.

"நம்ம பிரகாசுதான்டா மாட்டிட்டுப் போச்சு. கதவத் தட்றதுக்கே கூச்சம் அந்தப் புள்ளைக்கு. நல்ல மனசு."

"நல்ல மனசா?" லோகு பையை வாங்கி மெதுவாகச் சுருட்டிக் கீழே வைத்தான். "உசுரோட கீறவனுக்குக் கருமாதி சோறு போட்டாலும் நல்ல மனசும்ப நீ."

கோபமாக எறிந்திருந்தால்கூடப் புஷ்பவல்லிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் எறியவில்லை. திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அவள் தலையை வாரி முடிந்தாள். நாலு மாசத்து வயிற்றின் மேல் புடவையைச் சரிசெய்துகொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

* * *

அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிக்கு நேர் கீழே, மணலில் வலையை விரித்துப் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் குந்தியிருந்தவர் மாரியப்பன். பவுனம்மாளின் தம்பி, லோகுவுக்குத் தாய்மாமன். போட்டு அவருடையது. ஊர்ப் பெரியவர்கள் கூடினால் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

"மாமா."

"வாம்மா." அவர் நிமிரவில்லை. "மீனு வந்துச்சா?"

"வந்துச்சு. எதுக்கு அனுப்பினீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

"மீன எதுக்கு அனுப்புவாங்க? கொயம்பு வெக்கத்தான்."

வலைக்கு அந்தப் பக்கம் ஒருவன் சிரித்துவிட்டு, சட்டென்று இருமி மறைத்தான்.

"நாளைக்கு அவரே வந்து எடுத்துக்குவாரு மாமா."

மாரியப்பன் இப்போது நிமிர்ந்தார். "இத பாரு பொண்ணே. அவன் எங்க அக்கா மவன். இந்தத் தோள்ல தூக்கிகினு திரிஞ்சவன் நானு. எனக்கு மட்டும் இன்னா ஆசையா? போட்டுல அஞ்சு பேரு. ஒரே கேன் தண்ணி, ஒரே சட்டி சோறு. பசங்க மாட்டேன்றானுங்க."

"தண்ணியில ஒட்டாது மாமா. சோத்துலயும் ஒட்டாது. டிவியிலயே சொல்றான்."

"சொல்லுவான். அவன் நம்ம போட்டுக்கு வந்து துன்னுட்டுச் சொல்லட்டும்."

பிரகாஷ் எழுந்து நின்றான். லோகுவின் தோஸ்து. சின்ன வயசிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவன். காலையில் மீன் பையை மாட்டிய கை அவனுடையதுதான். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

"அண்ணி, சோத்த வுடு. கெளுத்தி மாட்னா முள்ளு குத்துது. அவன் கையிலயும் ரத்தம், என் கையிலயும் ரத்தம். ஒரே வலையத்தான ரெண்டு பேரும் இஸ்கிறோம்? எனக்கு ரெண்டு பொண்ணு கீது அண்ணி."

அவன் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. பயம் மட்டுமே இருந்தது. கெடுதலாக இருந்தால் பதிலுக்குத் திட்டலாம்.

ஆனால் இந்தக் கேள்விக்குப் புஷ்பவல்லியிடம் பதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டு, மனசில் பூட்டி வைத்திருந்த பதில். இத்தனை நாள் அதை யாரிடமும் காட்ட முடியாமல் இருந்தது. இப்போதுதான் ரகசியமே போய்விட்டதே, இனி எதற்குப் பூட்டு?

"பிரகாசு, கேளு. மாத்திரைய ஒயுங்கா போட்டுகினு வந்தா ரத்தத்துல கிருமி அடங்கிப் போய்டுது. அப்பால அது அடுத்தவங்களுக்குப் போறது ரொம்ப ரொம்பக் கம்மி. நான் சும்மா சொல்லல. என்னியப் பாரு. அவரோட ஒரே பாயில படுக்குறவ நானு. போன மாசம் புள்ளத்தாச்சிங்க எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்களே, எனக்கும் எடுத்தாங்க. எனக்கு ஒண்ணுமில்ல. பொண்டாட்டி எனக்கே வரலன்னா உங்களுக்கு எப்டி வரும்?"

வலைக்குள் ஓடிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

மாரியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வை மெல்ல இறங்கி வயிற்றில் வந்து நின்றது.

"மெய்யாலுமா? ஒனக்கு இல்லியா?"

"சத்தியமா இல்ல மாமா."

"அவனுக்குக் கீது."

"கீது. ஆனா மாத்திர…"

"செரி, செரி." அவர் வலைக்குத் திரும்பினார். "சாயங்காலம் வலைக்கூடத்துல பெரியவங்க குந்துறாங்க. ரெண்டு பேரும் வந்துடுங்க. இப்ப சொன்னியே, இத்த அங்கயும் சொல்லு."

புஷ்பவல்லி ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். கடற்கரை மணலில் அவள் கால் அன்றைக்குத்தான் கொஞ்சம் வேகமாக நடந்தது.

* * *

வழியில் பெட்டிக்கடையின் காசு போட்டுப் பேசுகிற போனிலிருந்து ரமாபாயைக் கூப்பிட்டாள்.

ரமாபாய் வியாசர்பாடிக்காரி. மாத்திரை கொடுக்கிற இடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற வேலை. எனக்கும் இருக்குது, எட்டு வருஷமா, பாரு எப்டி கீறேன் என்று சொல்லிவிட்டுத்தான் யாரிடமும் பேச்சையே ஆரம்பிப்பாள். முதல் நாள் அதைக் கேட்டபோதுதான் லோகு தலையை நிமிர்த்தினான்.

"அக்கா, சாயங்காலம் நீ இங்க வரணும். ஊரு முன்னாடி சொல்லணும், மாத்திர போட்டா ஒட்டாதுன்னு."

"அப்டி நான் எப்ப சொன்னேன்?"

"சொன்னியே அக்கா."

"ரொம்பக் கம்மின்னு சொன்னேன். அதனால ஆணுறைய வுட்றாதன்னும் சொன்னேன். புள்ள ஆசையில அத்த நீ காதுலயே வாங்கல. கம்மின்றது வேற, இல்லன்றது வேற புஷ்பா. வெளிநாட்டுல சில டாக்டருங்க இல்லன்னே சொல்ல ஆரம்பிச்சிட்டாங்களாம். எங்க பெரிய டாக்டரு இன்னும் வாயத் தொறக்கல. நான் எப்டி அடிச்சிப் பேசுறது?"

"இது படுக்குற பாய்க்கு இல்ல அக்கா, போட்டுக்கு. போட்டுலகூட ஒட்டுமா?"

"போட்டுல ஒட்டாது. சோறு, தண்ணி, வலை எதுலயும் ஒட்டாது. அத்த எங்க வேணாலும் வந்து சொல்றேன்." ரமாபாய்க்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. "ஆமா, நீ அவங்களாண்ட இன்னா சொன்ன?"

புஷ்பவல்லி சொன்னாள். சொல்லும்போது குரலில் பெருமைகூட இருந்தது.



"அக்கா? கீறியா?"

"எனக்கு இல்லன்னு சொன்னியா? வவுத்துல புள்ளையோட நின்னுகினு?"

"ஆமாக்கா. அத விட நல்ல சாட்சி இன்னா கீது?"

"புஷ்பா, நேரா வூட்டுக்குப் போ. இனிமே யாராண்டயும் எதுவும் பேசாத. நான் லீவு கேட்டுப் பாக்குறேன்."

ரமாபாயின் குரல் ஏன் அப்படி இறங்கியது என்று அவளுக்குப் புரியவில்லை.

புரிய வைத்தவள் பவுனம்மாள்.

* * *

காலடிப்பேட்டை மார்க்கெட்டிலிருந்து பவுனம்மாள் வழக்கத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டாள். கூடையில் பாதி மீன் அப்படியே இருந்தது. கூடையை இறக்கியவள், முதல் வேலையாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். லோகு வீட்டில் இல்லை. கழிமுகப் பக்கம் போயிருந்தான்.

"இன்னா அத்தே, மீனு போவலியா?"

"எப்டிப் போவும்? என் கூடைக்கு முன்னாடி நின்னு மீனயா பாத்தாளுங்க? என் மூஞ்சியப் பாத்தாளுங்க." பவுனம்மாள் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். "கடற்கரையில நீ இன்னாடி சொன்ன?"

"இருக்கறதச் சொன்னேன்."

"எம் புள்ளைக்கு நோவு கீது. ஒனக்கு இல்ல. அப்டித்தான?"

"ஆமா."

"அப்போ ஒண்ணு கேக்குறேன். நான் கேக்கல, மார்க்கெட்டுல கேட்டாளுங்க. நோவு வராத எடத்துல புள்ள மட்டும் எப்டி வந்துச்சு?"

புஷ்பவல்லிக்கு ஒரு கணம் அந்தக் கேள்வியின் அர்த்தமே எட்டவில்லை. எட்டியதும் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அத்தே, மாத்திர…"

"மாத்திரையப் பத்திப் பேசாத. ரெண்டு வருசமா அரசாங்கத்து டி.வி. பொட்டி ராவும் பகலும் இத்தத்தான சொல்லுது? உறை போட்டா நோவு வராதாம். போடலன்னா வருமாம். உறை போட்டுகினா புள்ள எப்டி வரும்? போடலன்னா நோவு ஏன் வரல? ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

ஊருக்கு நல்லது சொல்வதற்காகப் போட்ட விளம்பரம்தான். அதில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்த மூன்றாவது வழியில் வந்த பிள்ளை புஷ்பவல்லியின் வயிற்றில் இருந்தது.

"ரெண்டு மூணு தடவதான் அத்தே. புள்ள வேணும்னு. அவருக்கும் தெரியும். மாத்திர நல்லா வேலை செய்யச்சொல்ல வராத போறதுக்கும்…"

"வராத போறதுக்கும், போறதுக்கும்." பவுனம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "லோகு வராத நாள்ல நீ ஆஸ்பத்திரிக்குப் போவச்சொல்ல மோட்டார் சைக்கிள்ல இட்டுகினு போனது யாரு? இன்னிக்கி வாசல்ல மீனு மாட்டிட்டுப் போனது யாரு? நான்தான் நல்ல மனசுன்னு சொன்னேன். நானே சொன்னேன்டி."

"பிரகாசு அவரோட தோஸ்து அத்தே. அவருதான் கூட்டிகினு போவச் சொன்னாரு."

"எனக்குத் தெரியும். ஊருக்கு யாரு சொல்றது?"

தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, மீதி மீனை அள்ளிக்கொண்டு பவுனம்மாள் பின்கட்டுக்குப் போனாள். மருமகளிடம் ஒரு செம்பு தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

* * *

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வலைக்கூடத்தில், பெரியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் உள்ளே நின்றார்கள். பெண்கள் வெளியே, தூண்களுக்கு நடுவே. ரமாபாய் வருகிறாளா என்று புஷ்பவல்லி சாலைப் பக்கம் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது. எண்ணூர் ஸ்டேஷனில் நின்று போன ரயிலிலும் அவள் வரவில்லை.

லோகு சட்டையை மாற்றிக்கொண்டு, எண்ணெய் தடவித் தலை வாரி வந்திருந்தான். போட்டில் இடம் கேட்கிறவன் திடமாகத் தெரியவேண்டும் என்று நினைத்திருப்பான். அவனிடம் எச்சரிக்கை சொல்ல அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கழிமுகத்தில் எவனோ சொல்லியிருக்கிறான்.

"போட்டு விசயம் பேச ஒண்ணும் இல்ல," என்று ஆரம்பித்தார் மாரியப்பன். "பசங்க ஏற மாட்டேன்னுட்டானுங்க. கறி மீனு வூட்டுக்கு வந்துடும். அதுல கொற வெக்க மாட்டோம்."

அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கி மீட்டுக்கொண்ட இடம், ஒரு மூச்சில் போய்விட்டது.

"இப்ப அது இல்ல பேச்சு." நடுவில் உட்கார்ந்திருந்த மூத்தவர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பொண்ணு காலையில ஒரு வார்த்த சொல்லிச்சாம். எனக்கு நோவு இல்லன்னு. வூட்ல ஒருத்தனுக்குக் கீது, ஒருத்திக்கு இல்ல, வவுத்துல புள்ள கீது. லோகு, நீயே சொல்லு. ஊரு இன்னா நெனைக்கும்?"

மூலையில் பிரகாஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பெண்டாட்டி அன்றைக்கு அங்கே வரவில்லை. வராததையும் எல்லோரும் கவனித்திருந்தார்கள்.

புஷ்பவல்லி ஓர் அடி முன்னால் வைத்தாள். மாத்திரையைப் பற்றி, ரத்தத்தில் கிருமி அடங்குவதைப் பற்றி, அவளுக்குத் தெரிந்த அத்தனையும் நாக்கின் நுனியில் இருந்தது. அதற்குள் லோகு பேசிவிட்டான்.

"யாரு சொன்னா அவளுக்கு இல்லன்னு?"

"அவளேதான் சொன்னா," என்றார் மாரியப்பன்.

"பொய் சொல்லிக்கிறா மாமா. அவளுக்கும் கீது."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. லோகு அவள் பக்கம் திரும்பினான். அவன் கண்கள் கெஞ்சின.

"சொல்லு புஷ்பா. இன்னாத்துக்கு மறைக்கிற? என்னாண்டேர்ந்துதான ஒனக்கு வந்துச்சு? அசிங்கம் என்துதான? சொல்லிடு."

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. இல்லை என்றால் பிள்ளைக்கு அப்பன் இல்லை. இருக்கிறது என்றால் அப்பன் உண்டு. ஆனால் அதற்கப்புறம் அவள் தொட்ட மீனை யாரும் வாங்கமாட்டார்கள். குழாயடியில் அவள் குடம் தனியாக நிற்கும். பிரசவத்துக்கு ஒரு கை கூட வராது. பிறக்கிற பிள்ளையை எவளும் இடுப்பில் வைக்கமாட்டாள்.

உண்மை சொல்கிற வழியில் இதைவிட நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை.

"ஆமா," என்றாள். "எனக்கும் கீது."

அவளுக்கு இரு பக்கமும் நின்ற பெண்கள் நகர்ந்துகொண்டார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. அலை வாங்குகிற மாதிரி, தானாகவே இடம் காலியானது. பவுனம்மாள் மட்டும் தூணில் சாய்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு விசும்பினாள்.

"என் வூட்டுப் புள்ளதான். என் லோகு புள்ளதான்."

மருமகளுக்கு நோய் இருக்கிறது என்று கேட்டு ஒரு மாமியார் நிம்மதியாக அழுததை அந்தக் குப்பம் அன்றைக்குத்தான் பார்த்தது.

மூத்தவருக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"காலையில இல்லன்னா. இப்ப கீதுன்றா. எத்த நம்புறது? காலடிப்பேட்டையில ரத்தம் பாக்குற லேப் கீது. திங்கக்கெழம மாரியப்பன் கூட்டிகினு போவட்டும். கீதுன்னு வந்தா லோகு புள்ள. இல்லன்னு வந்தா அவ அம்மா வூட்டுக்குப் போய்ப் பெத்துக்கட்டும். பிரகாசும் அப்பால இந்த ஊர்ல வலை போட வாணாம்."

பிரகாஷ் தலையைத் தூக்கினான்.

* * *

பெட்டிக்கடைக்காரன் அவளைப் பார்த்ததும் போனை உள்பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ரிப்பேரும்மா."

மத்தியானம் பேசிய அதே போன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. செய்தி அவளுக்கு முன்னாலேயே கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அவளை யாருக்கும் தெரியாத கடை வேண்டுமென்றால் ஸ்டேஷன் வரைக்கும் நடக்கவேண்டும். நடந்தாள். லோகு பின்னாலேயே வந்தான், பத்து முழம் தள்ளி. லாரிகள் கிளப்பிய சாம்பல் தூசு இருவர் மேலும் படிந்தது.

ரமாபாய் உடனே எடுத்தாள்.

"மன்னிச்சிக்க புஷ்பா. கேக்காத எங்கயும் போவக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. பேஷண்ட் வூட்டுக்கு நாங்க போய் நின்னா ஊருக்கே காட்டிக் குட்த்த மாரி ஆயிடுமாம். இன்னா ஆச்சு?"

புஷ்பவல்லி சொன்னாள். அழாமல், கோர்வையாக, ஏதோ பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு ரிசீவரை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, நீ திங்கக்கெழம காலடிப்பேட்டைக்கு வர்றியா?"

"நான் வந்து இன்னா செய்யட்டும்?"

"மாமா வெளியிலதான் குந்துவாரு. பொம்பளைக்கு ரத்தம் எடுக்குற எடத்துக்குள்ள அவரு வர மாட்டாரு. நீ முன்னாடியே வந்து உள்ள குந்திகினு இரு. என் பேரச் சொல்லிக் கூப்ட்டா, நீ கைய நீட்டு."



"எத்தினியோ பேரு என்னாண்ட வந்து அழுதுக்கிறாங்க," என்றாள் ரமாபாய். "கால்லகூட வுழுந்துக்கிறாங்க. இல்லன்னு சொல்லிடுக்கா, எப்டியாவது இல்லன்னு சொல்லிடுன்னு. கீதுன்னு சொல்லச் சொல்லி அழுவுற மொத ஆளு நீதான்."

"நான் அழுவல அக்கா. வர்றியா, மாட்டியா?"

"உன் ஊட்டுக்காரு இன்னா சொல்றாரு?"

"அவருக்கு இது இன்னும் தெரியாது."

"கூட வந்துக்கிறாரா? அவராண்ட போனக் குடு."

புஷ்பவல்லி திரும்பினாள். லோகு பத்து முழம் தள்ளி இல்லை. அவளுக்கு நேர் பின்னால், மூச்சுப் படுகிற தூரத்தில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"புஷ்பா." அவன் குரலைத் தாழ்த்தினான். "அங்க சொன்னது ஊருக்கு. இப்ப எனக்கு மட்டும் ஒண்ணு சொல்லு."

"இன்னா?"

"மெய்யாலுமே ஒனக்கு இல்லியா?"

அவள் அவனையே பார்த்தாள். "நீயும்தான கூட வந்த? டாக்டரம்மா சொல்லச்சொல்ல பக்கத்துல குந்திகினுதான இருந்த?"

"இருந்தேன்."

"கேட்டுட்டு என் கையப் புட்ச்சிகினு சிரிச்சியே."

"சிரிச்சேன்." லோகு பார்வையை விலக்கினான். "அன்னிக்கி சந்தோசமா இருந்துச்சு. யோசிக்கல."

ரிசீவருக்குள் ரமாபாயின் குரல் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. புஷ்பவல்லி அதை அவனிடம் நீட்டினாள்.

"அக்கா பேசணுமாம். நீயே கேட்டுக்க."

லோகு வாங்கவில்லை. ரிசீவரைப் பார்த்தான், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான்.

பிறகு ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.